குதிரைக்கு அல்சர் மருந்து: காலைல தீனிக்கு முன்னாடியே குடுத்துடுங்க

ஒமெப்ரசோல் (வயித்துல ஆசிட் சுரக்கறத குறைக்கற மருந்து) பேஸ்ட் குடுக்கறவங்க, காலைல தீனி வைக்கறதுக்கு அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே குடுத்துட்டு, அப்புறம் முதல்ல காய்ஞ்ச புல்லு, தானியம் கடைசியா வைங்க.

குதிரை வயித்துல ஆசிட் நம்மள மாதிரி சாப்பிடறப்போ மட்டும் அதிகமா சுரக்கறதில்ல, 24 மணி நேரமும் சுரந்துக்கிட்டே இருக்கும், அதுவும் வயிறு காலியா கிடந்தா ஆசிட் நேரா மேல்பகுதி சுவர்ல பட்டு புண்ணாக்கும். ஆனா வயிறு நிறைஞ்சிருக்கறப்போ இந்த மருந்து ரத்தத்துல ஏறறது குறைஞ்சுடுது, அதனால வயிறு காலியா இருக்கற விடிகாலைல குடுத்தா அதே டோஸ் நல்லா வேலை செய்யும், காசும் வீணாகாது. புல்லை மென்னு மென்னு திங்கறப்போ வர்ற எச்சில் ஆசிடை மட்டுப்படுத்தும், குதிரை மசால்னா (லூசர்ன்ங்கற தீவனப் பயிர்) இன்னும் நல்லது, அதுல கால்சியம் ஜாஸ்தி. பேஸ்ட் குடுக்கும்போது வாயில மென்ன புல்லு இல்லாம பாத்துக்கோங்க, இல்லன்னா ரெண்டையும் சேத்து துப்பி உங்க சட்டைலயே பூசி விட்டுடும்!

வயித்தோட கீழ்ப்பகுதில புண்ணு இருந்தா இந்த டைமிங் மட்டும் போதாது, ஒமெப்ரசோல் தனியா பல நேரம் அங்க பத்தாது, சுக்ரால்ஃபேட்டும் (புண்ணு மேல படலமா ஒட்டி அத காப்பாத்தற மருந்து) சேத்து குடுக்கறீங்கன்னா ரெண்டுக்கும் இடைவெளி எவ்ளோன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. பால் குடிக்கற குட்டிய இதுக்காக பட்டினி போடவே கூடாது. மருந்த நீங்களா சட்டுனு நிறுத்தவும் வேணாம், ஆசிட் முன்னவிட ஜாஸ்தியா கிளம்பும்.