விமானம் ஏறுமுன் போனின் மேல்திரையை ஒழுங்குபடுத்துங்கள்

போன முறை தாயகம் போய் இறங்கியதும் போனை ஆன் செய்து பையில் போட்டேன். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், படங்கள் எல்லாம் தானாகவே இணையத்தில் மேலேறத் தொடங்கிவிட்டன. பிறகு வந்த பில்லில் ரோமிங் கட்டணம்தான் பெரிய தொகை. குற்றம் என்னுடையதுதான். அணைக்க வேண்டிய பொத்தான் எங்கே இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது.

ஆகவே இந்த வேலையை வீட்டில் உட்கார்ந்து, பயணத்துக்கு முந்தைய வாரமே முடித்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் திரையின் உச்சியிலிருந்து இரண்டு விரலால் கீழே இழுத்தால் பொத்தான்கள் முழுவதும் ஒரே இழுப்பில் விரியும். அங்கே இருக்கும் பென்சில் குறியைத் தொட்டு, வேண்டியதை மேலே இழுத்து வைக்கலாம். ஒரு பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அதற்குரிய செட்டிங்ஸ் நேரே திறக்கும். பலருக்கு இது தெரியாது. ஹோம் பட்டன் இல்லாத ஐபோனில் வலது மேல் மூலையிலிருந்து இழுத்தால் இதே மாதிரிப் பொத்தான்கள் உள்ள கண்ட்ரோல் சென்டர். ஐஓஎஸ் 18 முதல் அதன் இடது மேல் மூலையில் கூட்டல் குறி இருக்கிறது. அதைத் தொட்டுப் பொத்தான்களைச் சேர்க்கலாம், நகர்த்தலாம், பெரிதாக்கலாம். லாக் ஸ்க்ரீனின் அடியில் இருக்கும் டார்ச், கேமரா பொத்தான்களையும் இப்போது மாற்ற முடியும். டார்ச்சை மட்டும் மாற்றாதீர்கள், தேவைப்படும்.

முதல் வரிசையில் நான் வைத்திருப்பவை நான்குதான்: மொபைல் டேட்டா, ஹாட்ஸ்பாட், பேட்டரி சேவர், கியூஆர் ஸ்கேனர். எல்லாவற்றையும் மேலே அடுக்கினால் அவசரத்தில் எதுவும் கண்ணில் படாது.

இனி சிம். முதலில் போன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் லாக் ஆனதா என்று பாருங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். சிம் கட்டுப்பாடு இல்லை என்று அங்கே வர வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் சிம்மான இசிம் மட்டும்தான்.

இரண்டு சிம் போட்டதும் அவற்றுக்குப் பெயர் வையுங்கள். என் போனில் வழக்கமாக வைத்திருக்கும் சிம் 'வீடு', தாயகத்தில் பயன்படுத்தும் சிம் 'ஊர்'. வங்கியின் ஓடிபி வர வேண்டுமே, அதனால் 'வீடு' அணையக்கூடாது. அதன் டேட்டா ரோமிங் மட்டும் அணைந்திருக்கட்டும். டேட்டாவுக்கு 'ஊர்' சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் இன்னொரு கண்ணியும் உண்டு: இரண்டு சிம்முக்கும் இடையில் டேட்டா தானாக மாற அனுமதிக்கும் பொத்தான் மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும். அதையும் அணையுங்கள்.

ஐபோனின் முதுகைத் தட்டினால்கூட வேலை நடக்கும். ஐபோன் 8 முதல் இந்த வசதி உண்டு. ஆக்ஸஸிபிலிட்டி, டச், பேக் டாப் என்று போய், இரண்டு தட்டுக்கு ஒன்று, மூன்று தட்டுக்கு ஒன்று என வைக்கலாம். தடித்த உறை போட்டிருந்தால் சில நேரம் சொன்னபடி கேட்காது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது. சொந்தக்காரர்களிடம் ஒரு படத்தைக் காட்டப் போனைக் கொடுத்தால் அது கை மாறி, அறை மாறி, கடைசியில் யாராவது ஒரு சின்னப் பிள்ளையிடம் இருக்கும். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்ஸஸ். இரண்டும் போனை ஒரே ஆப்பில் பூட்டி வைக்கும். ஆனால் போட்டோ ஆப்பில் பூட்டினாலும் அடுத்த படத்துக்குத் தள்ளிப் போகலாம். ஐபோனில் தொடுதிரையையே அணைத்துவிட்டால்தான் அந்தப் படம் அப்படியே நிற்கும். கைடட் ஆக்ஸஸை செட்டிங்ஸில் முன்பே ஆன் செய்திருந்தால், ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்திப் பூட்டலாம். வெளியே வரவும் அதே மூன்று அழுத்து, பிறகு கடவுக்குறி. அந்தக் கடவுக்குறியைத் தனியாக வைத்துவிட்டு மறந்துபோய், கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் முழித்த முழியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.