மண் ஈரத்தை அளந்து வறட்சியைக் கண்காணிப்பது எப்படி?

மழை நின்று எத்தனை நாள் ஆயிற்று என்பதை மட்டும் வைத்து வறட்சியைக் கணிக்க முடியாது. பயிர் குடிப்பது வேர்ப் பகுதியில் தங்கியிருக்கும் நீரைத்தான். அதை அளக்க ஒரு தராசும் ஓவனும் போதும்.

படி 1: மண் எடுங்கள்

சருகை ஒதுக்கிவிட்டு 10 செ.மீ., 40 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மண் எடுத்து, உடனே டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். திறந்து வைத்தால் எடை போடுவதற்குள் ஈரம் பறந்துவிடும்.

படி 2: உலர்த்தி எடை போடுங்கள்

ஈர மண்ணை எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். டப்பாவின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். 118 கிராம் மண் 100 கிராம் ஆனால், போன நீர் 18 கிராம். அதை உலர்ந்த மண்ணின் எடையால் வகுக்க வேண்டும்: 18%.

படி 3: மண்ணின் இரண்டு எல்லைகளைக் கண்டுபிடியுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 18% என்பது மணலில் தாராளம். கனமான களிமண்ணிலோ செடி வாடிக்கொண்டிருக்கும். களிமண் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் வேரால் உறிஞ்ச முடிவதில்லை.

மேல் எல்லை என்பது உபரி நீர் வடிந்த பிறகும் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரம். அதை அறிய, மண்ணை நன்றாக நனைத்து, மூடி வைத்து, இரண்டு மூன்று நாள் வடியவிட்டு அளவெடுங்கள். கீழ் எல்லை வாடல் நிலை. இரவு கழிந்த பிறகும் செடி நிமிரவில்லை என்றால், அப்போது வேர் ஆழத்தில் இருக்கும் ஈரம் ஏறக்குறைய அதுதான்.

மேல் எல்லை 26%, கீழ் எல்லை 10% என்று வைத்துக்கொள்வோம். 18% இருந்தால் செடிக்குக் கிடைக்கும் நீரில் பாதி மிச்சம். பல பயிர்கள் இதற்குக் கீழே போனதும் திணறத் தொடங்கும்.

படி 4: சென்சார் வைப்பதாக இருந்தால்

சென்சார் நேராக நீரை அளப்பதில்லை. மண்ணின் மின்தன்மை மாறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. சுற்றிலும் காற்று இடைவெளி இருந்தால் அளவு குறைவாகக் காட்டும், அதனால் மண்ணோடு ஒட்டும்படி அழுத்திப் பதியுங்கள். அப்புறம் எடை முறையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். சரிபார்க்காத சென்சாரை நான் நம்பமாட்டேன்.

படி 5: வாரம் ஒருமுறை குறித்து வாருங்கள்

அதே இடத்துக்குப் பக்கத்தில், அதே ஆழங்களில் எடுத்து வரைபடமாகப் போடுங்கள். 10 செ.மீ. மட்டும் காய்ந்து 40 செ.மீ. அப்படியே இருந்தால் அது தற்காலிக உலர்வு. இரண்டும் வாரக்கணக்கில் சரிந்தால் வறட்சி வேர்வரை இறங்கிவிட்டது. 2015-இல் ஏவப்பட்ட நாசாவின் ஸ்மேப் செயற்கைக்கோள் பெரும் பரப்பின் நிலையைக் காட்டும். ஆனால் அது நேரடியாக உணர்வது மேல் 5 செ.மீ. அளவுக்குத்தான்.

ஒரு மழை பெய்ததும் மேல் கோடு சட்டென்று ஏறும். 40 செ.மீ. கோடு ஏறாதவரை வறட்சி முடிந்தது என்று எழுதாதீர்கள்.