டிஆர்6 பிஐ: லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை டியூன் செய்வது எப்படி?

பிரிட்டிஷ் கார் நிறுவனமான டிரையம்ப் 1967இல் டிஆர்5 காரிலும், 1969 முதல் டிஆர்6 காரிலும் லூகாஸ் மெக்கானிக்கல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை (சுருக்கமாக பிஐ) பொருத்தியது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் கார்புரேட்டர்தான். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விற்ற 2498 சிசி, ஆறு சிலிண்டர் கார்களில்தான் இன்ஜெக்‌ஷன் இருக்கும். இந்த விளக்கம் 150 குதிரைத்திறன் கொண்ட, வரிசை எண் சிபி என்று தொடங்கும் டிஆர்6க்கானது. 1973 முதல் வந்த சிஆர் வரிசையில், வால்வுகளைத் திறக்கும் கேம் மிதமானது. செய்முறை அதேதான், அளவுகளை மட்டும் அந்தக் காரின் கையேட்டில் சரிபாருங்கள்.

மீட்டரிங் யூனிட்டில் கை வைக்கும் முன்

பெட்ரோலை ஆறு சிலிண்டருக்கும் பங்கிடும் மீட்டரிங் யூனிட்டுக்குள் ஒரு ரோட்டர், என்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ரோட்டருக்குள் ஒரு சிறிய ஷட்டில் பெட்ரோல் அழுத்தத்தால் முன்னும் பின்னும் ஓடுகிறது. அது எவ்வளவு தூரம் ஓடுகிறதோ, அவ்வளவு பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் போகும். அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது மேனிஃபோல்டு வேக்கம், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் உள்ள உறிஞ்சு விசை. வேக்கம் குறைந்தால் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு யூனிட் பெட்ரோலைக் கூட்டிவிடும்.

எனவே எங்கேயாவது காற்று கசிந்தாலும், வால்வு இடைவெளி தவறினாலும், டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) பின்தங்கினாலும் வேக்கம் விழும், மிக்ஸ்சர் ரிச் ஆகும் (பெட்ரோல் அதிகமாகும்), கரும்புகை வரும். புகையைப் பார்த்ததும் பலர் முதலில் திறப்பது மீட்டரிங் யூனிட்டைத்தான். பெரும்பாலும் அதன் மேல் ஒரு தவறும் இருக்காது. என்ஜின், பெட்ரோல் அழுத்தம், காற்று என்ற வரிசையில் எல்லாம் சரியான பிறகுதான் யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தேவையானவை

ஃபீலர் கேஜ், டைமிங் லைட், 0 முதல் 160 பிஎஸ்ஐ வரை காட்டும் பிரஷர் கேஜும் அதற்கான டி-இணைப்பும், வோல்ட்மீட்டர், காற்றோட்டம் அளக்கும் சின்க்ரோமீட்டர், கை வேக்கம் பம்ப், கண்ணாடி பாட்டில். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இந்தக் குழாய்களில் பெட்ரோல் 7 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது. ஊசி முனை அளவு ஓட்டை போதும், புகைபோலப் பீய்ச்சும். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள்.

படி 1: என்ஜின்

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட் கேப் (வால்வு இடைவெளி) பாருங்கள்: இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.25 மி.மீ. 12 வால்வுகளுக்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு. முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 13இலிருந்து கழியுங்கள். வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யலாம். 12ஆவது திறந்திருந்தால் 1ஆவது, 9ஆவது திறந்திருந்தால் 4ஆவது.

பிளக் கேப் 0.64 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. ஸ்டாடிக் டைமிங் (என்ஜின் ஓடாதபோது வைப்பது) டாப் டெட் சென்டருக்கு, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலைக்கு, 11 டிகிரி முன். கம்ப்ரெஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இல்லையென்றால் இங்கேயே நிறுத்துங்கள். பழுதான வால்வை எந்த இன்ஜெக்‌ஷன் டியூனிங்கும் மறைக்காது.

படி 2: பெட்ரோல் அழுத்தம்

டிக்கியில் இருக்கும் பம்புக்கும் மீட்டரிங் யூனிட்டுக்கும் நடுவே, மிகுதிப் பெட்ரோலைத் திருப்பியனுப்பும் பிரஷர் ரிலீஃப் வால்வுக்குப் பின்னால், கேஜை இணையுங்கள். என்ஜின் ஓடும்போது 106 முதல் 110 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். குறைந்தால் ரிலீஃப் வால்வின் ஸ்க்ரூவை உடனே திருப்பிவிடாதீர்கள். முதலில் பம்பின் முனைகளிலேயே வோல்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பழைய ஒயர், ரிலே, எர்த் இவற்றில் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்கிறது. அடுத்து ஃபில்டரை மாற்றுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் அழுத்தம் வரவில்லையென்றால்தான் ஸ்க்ரூ: லாக்நட்டைத் தளர்த்தி, கால் சுற்று உள்ளே திருப்பி, கேஜைப் பாருங்கள்.

காலையில் சரியாக ஓடி, வெயிலில் அரை மணி நேரம் கழித்து ஆறு சிலிண்டரும் சேர்ந்து மிஸ் அடித்தால் அது பம்ப் சூடு. டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய, ரிலீஃப் வால்விலிருந்து திரும்பும் அதே பெட்ரோல் மறுபடி மறுபடி சுற்றிச் சூடேறுகிறது; பம்புக்குள் ஆவியாகி அழுத்தம் விழுகிறது. பம்பின் மேல் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்து ஓட்டும் பழக்கம் பிரிட்டனில் இப்படி வந்ததுதான். கால் டேங்குக்குக் கீழே விடாமல் ஓட்டுவது நல்லது. போஷ் பம்புக்கு மாறுவது அதைவிட நல்லது.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் சீல்களுக்கு அது ஆகாது. 5 சதவீத எத்தனால் உள்ள சூப்பர் பெட்ரோலையே போடுங்கள்.

படி 3: காற்று வெளியேற்றுதல், இன்ஜெக்டர் சோதனை

என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் ஒவ்வொரு நைலான் குழாயையும் இரண்டு விரலால் மெதுவாகப் பிடியுங்கள், நாடி பார்ப்பதுபோல. ஒவ்வொன்றிலும் சீரான துடிப்பு தெரிய வேண்டும். ஏதாவது ஒன்றில் துடிப்பு இல்லையென்றால் அதில் ஏர் பிடித்திருக்கலாம், அல்லது இன்ஜெக்டர் சிக்கியிருக்கலாம்.

காற்றை வெளியேற்ற, என்ஜினை அணைத்து, இக்னிஷன் காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றுங்கள், பொறி வராது. அந்த இன்ஜெக்டரை மேனிஃபோல்டிலிருந்து உருவி கண்ணாடி பாட்டிலுக்குள் நுழைத்து வையுங்கள். பம்ப் ஓடட்டும். ஸ்டார்ட்டரைப் பத்து பத்து வினாடியாகச் சுற்றச் சொல்லுங்கள். முதலில் குமிழியோடு துப்பும், பிறகு துடிப்பு துடிப்பாகப் பீய்ச்சும். பீய்ச்சுவது உள்ளீடற்ற கூம்பு வடிவில் மெல்லிய தூறலாக இருக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தோ, சொட்டுச் சொட்டாகவோ வந்தால் இன்ஜெக்டருக்குள் வால்வு உட்காரும் இடத்தில் அழுக்கு. சந்தேகம் இருந்தால் அதைப் பக்கத்துச் சிலிண்டர் இன்ஜெக்டரோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு கூடவே போனால் இன்ஜெக்டர்தான். அதே சிலிண்டரில் நின்றால் குழாய், யூனிட் அல்லது என்ஜின். திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போடுங்கள்.

படி 4: காற்றுக் கசிவும் பட்டர்ஃபிளையும்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மேனிஃபோல்டிலிருந்து யூனிட்டுக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். முனைகளில்தான் வெடிப்பு வரும். யூனிட் பக்கம் கை வேக்கம் பம்பை மாட்டி இழுங்கள். முள் இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

திராட்டில் கேபிளைத் தளர்த்திவிட்டு, ஆறு பட்டர்ஃபிளையும் (காற்றைத் திறந்து மூடும் தட்டுகள்) முழுதாக மூடுகிறதா என்று 0.05 மி.மீ. ஃபீலரால் பாருங்கள். அவை மாட்டியிருக்கும் ஸ்பிண்டிலைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் காற்று அந்த வழியாகத்தான் நுழைகிறது. ஸ்பிண்டிலும் புஷ்ஷும் மாற்றாமல் ஸ்லோ (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) சீராக நிற்கவே நிற்காது.

ஸ்லோவுக்கான காற்று பட்டர்ஃபிளை வழியாக அல்ல, தனி ஏர் வால்வு வழியாக வருகிறது. சூடான என்ஜினில் அந்த வால்வை முழுதாக மூடுங்கள். என்ஜின் அணைய வேண்டும், அல்லது அணையும் நிலைக்கு வர வேண்டும். ஜம்மென்று ஓடிக்கொண்டே இருந்தால் கசிவு இன்னும் பாக்கி.

பிறகு ஏர் பாக்ஸைக் கழற்றி, ஒவ்வொரு வாயிலும் சின்க்ரோமீட்டரை வைத்து 1500 ஆர்பிஎம்மில் அளந்து பாருங்கள். இரண்டு பட்டர்ஃபிளை ஒரே ஸ்பிண்டிலில் இருப்பதால் ஜோடிக்கு ஜோடிதான் சரிசெய்ய முடியும். ஒரு ஜோடியை அளவாக வைத்து மற்ற இரண்டின் இணைப்புக் கம்பியைத் திருகுங்கள். ஒரே ஜோடிக்குள் வித்தியாசம் இருந்தால் ஸ்பிண்டில் முறுக்கியிருக்கிறது. கடைசியில் ஏர் வால்வைத் திறந்து ஸ்லோவை 800 அளவில் வையுங்கள்.

படி 5: சோக், பிளக், கடைசியாக யூனிட்

குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை உள்ளே தள்ளியதும் யூனிட் மேல் உள்ள லீவர் முழுதாகத் திரும்ப வேண்டும்; கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும். அது பாதியில் நின்றால் கார் எப்போதும் ரிச்.

பத்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, அதே வேகத்தில் கிளட்சை மிதித்து என்ஜினை அணைத்து, ஓரங்கட்டிப் பிளக்குகளைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு நிறம் சரி. ஒன்று மட்டும் கருப்பு என்றால் அந்தச் சிலிண்டர் இன்ஜெக்டர். ஆறும் கருப்பு என்றால் மறுபடி வேக்கம் பாருங்கள். அதுவும் சரியென்றால்தான் யூனிட்டைக் கழற்ற வேண்டும். ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படித்தான்: ரோட்டர் சீல் போய் பெட்ரோல் சம்ப்புக்குள் (என்ஜின் ஆயில் தொட்டி) இறங்குகிறது. அந்த ஆயிலோடு காரை ஓட்டாதீர்கள், பேரிங் தேய்ந்துவிடும்.

யூனிட்டின் உள் ஸ்பிரிங்குகளை டெஸ்ட் பெஞ்சில் வைத்துத்தான் அளவுக்கு அமைக்க முடியும். அனுப்பும்போது காரின் வரிசை எண், என்ஜினில் இருக்கும் கேம் எது, சூடான ஸ்லோவில் வேக்கம் எவ்வளவு என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கூடவே கட்டிவிடுங்கள். கேம் மாறியிருந்தால் வேக்கமும் மாறியிருக்கும். பழைய அமைப்பு அந்த என்ஜினுக்குப் பொருந்தாது.