நெட்வொர்க்கில் இல்லாத தெரபிஸ்டிடம் சிகிச்சை: இன்சூரன்ஸிலிருந்து பணம் திரும்பப் பெறுவது எப்படி?

அமெரிக்காவில் மனநல சிகிச்சைக்காகத் தெரபிஸ்ட் ஒருவரைத் தேடிப் பிடித்து, பேசிப் பார்த்து, இவரிடமே தொடரலாம் என்று மனம் ஒப்பும் வேளையில், "நான் எந்த இன்சூரன்ஸும் ஏற்பதில்லை" என்று அவர் சொல்வது வெகு சாதாரணம். காப்பீட்டு நிறுவனங்கள் தரும் கட்டணம் குறைவு, எழுத்து வேலை அதிகம் என்பதால் பலர் அந்நிறுவனங்களோடு ஒப்பந்தமே செய்துகொள்வதில்லை. தமிழில் பேசக்கூடியவராகவும் நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் உரிமம் பெற்றவராகவும் ஒருவர் வேண்டுமென்றால், நெட்வொர்க் பட்டியலில், அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், அவர் கிடைப்பது இன்னும் அரிது. ஆனால் அவர் சொன்னதன் பொருள், தாம் இன்சூரன்ஸுக்கு நேரடியாக பில் அனுப்பமாட்டார் என்பது மட்டுமே. கட்டணத்தை நீங்கள் முழுதாகச் செலுத்திவிட்டு, பில்லை நீங்களே அனுப்பி, ஒரு பகுதியைத் திரும்பப் பெற உங்கள் திட்டத்தில் இடம் இருக்கலாம். எவ்வளவு திரும்பி வரும் என்பதை முதல் அமர்வுக்கு முன்பே கணக்கிட்டுவிட வேண்டும். இந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கைப் பிற்பாடு போட்டவர்கள்தான்.

முதலில் திட்டத்தின் வகையைப் பாருங்கள். பி.பி.ஓ., பி.ஓ.எஸ். என்ற வகைகளில் நெட்வொர்க்குக்கு வெளியே செல்லும் வசதி பெரும்பாலும் உண்டு. எச்.எம்.ஓ., இ.பி.ஓ. வகைகளில் அவசர சிகிச்சை தவிர வேறெதற்கும் பொதுவாக இல்லை. குறைந்த வருமானத்தினருக்கான அரசு காப்பீடான மெடிகெய்ட் பெறுபவர்களுக்கும் இந்த வழி உதவாது. முதன்மையாக முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேரிலிருந்து முறைப்படி விலகிய தெரபிஸ்டுக்குச் செலுத்திய பணத்தை மெடிகேர் திருப்பித் தராது. பெரும்பாலான தனியார் திட்டங்கள் பயன்களின் சுருக்கத்தை ஒரே மாதிரியான படிவத்தில் தர வேண்டும் என்பது சட்டம். அதில் மனநல சேவைகளுக்கென்று ஒரு வரிசையும், நெட்வொர்க்குக்கு வெளியே என்று தனிப் பத்தியும் இருக்கும். அந்தக் கட்டத்தில் சதவீதம் எதுவும் இல்லாமல், இச்சேவைக்குக் காப்பீடு இல்லை என்று அச்சிட்டிருந்தால் இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம்.

சதவீதம் ஏதேனும் இருந்தால், அடுத்து அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்குத் தொலைபேச வேண்டும். மனநலப் பயன்களைச் சில திட்டங்கள் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும்; அப்படியானால் அதற்குத் தனி எண் இருக்கும். நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள டிடக்டபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, எவ்வளவு என்றும், அதில் இந்த ஆண்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றும் கேளுங்கள். இது பெரும்பாலும் நெட்வொர்க்குக்குள் இருக்கும் டிடக்டபிளிலிருந்து வேறானது; அதைவிடப் பெரியது. பிறகு கோஇன்சூரன்ஸ் (டிடக்டபிள் நிரம்பிய பின் உங்கள் பங்காக நிற்கும் சதவீதம்) எவ்வளவு, முன் அனுமதி தேவையா, க்ளெய்ம், அதாவது பணம் கோரும் விண்ணப்பம், அனுப்பக் கெடு எத்தனை நாள் என்பவற்றைக் கேளுங்கள். பேசியவரின் பெயர், தேதி, அழைப்புக்கான குறிப்பு எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலோர் கேட்காமல் விடுவதும் அதைத்தான். திட்டம் 60 சதவீதம் தரும் என்றால், அது எதில் 60 சதவீதம்? தெரபிஸ்ட் வாங்கும் கட்டணத்தில் அல்ல. அந்தச் சேவைக்கு இன்ன தொகைதான் நியாயம் என்று இன்சூரன்ஸ் தானே வகுத்துக்கொண்ட ‘அலவ்டு அமவுண்ட்’ என்ற அங்கீகரித்த தொகையில்தான். ஆகவே "சுமார் ஒரு மணி நேர அமர்வுக்கான 90837 என்ற குறியீட்டுக்கு, இந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில், நெட்வொர்க்குக்கு வெளியே உங்கள் அங்கீகரித்த தொகை எவ்வளவு?" என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். க்ளெய்ம் வந்த பிறகுதான் சொல்ல முடியும் என்று எதிர்முனையில் மழுப்புவது வழக்கம். அப்போது, அந்தத் தொகையை எந்த அடிப்படையில் நிர்ணயிக்கிறீர்கள், மெடிகேர் கட்டணத்தின் இத்தனை சதவீதமா அல்லது வட்டார வழக்கக் கட்டணமா என்று கேளுங்கள். அதற்கான விடை திட்ட ஆவணத்திலேயே இருக்க வேண்டியது.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தெரபிஸ்டின் கட்டணம் 180 டாலர், அங்கீகரித்த தொகை 120 டாலர், டிடக்டபிள் 1,000 டாலர், இன்சூரன்ஸின் பங்கு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அமர்விலும் உங்கள் பையிலிருந்து 180 போனாலும் டிடக்டபிள் கணக்கில் ஏறுவது 120 மட்டுமே. எட்டு அமர்வுகளில் 960 ஏறும். ஒன்பதாவது அமர்வில் மீதி 40 கழிந்து, எஞ்சிய 80 டாலரில் 60 சதவீதமாக 48 டாலர் திரும்பும். பத்தாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 72 டாலர் வரும். ஆண்டுக்கு 48 அமர்வுகள் என்றால் நீங்கள் கட்டுவது 8,640 டாலர். திரும்புவது 2,856 டாலர். 60 சதவீதம் என்று கேள்விப்பட்டது கைக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டது. ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1 அன்று டிடக்டபிள் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அங்கீகரித்த தொகைக்கு மேற்பட்ட 60 டாலரோ ஆண்டுக்கு இதற்கு மேல் நீங்கள் செலவழிக்க வேண்டாம் என்று திட்டம் வைக்கும் எந்த உச்சவரம்புக் கணக்கிலும் சேராது.

அங்கீகரித்த தொகை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. வழக்கக் கட்டணங்களை நிர்ணயிக்கப் பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பயன்படுத்திய தரவுத்தளத்தை நடத்தி வந்தது யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் துணை நிறுவனமான இன்ஜெனிக்ஸ். பணம் கொடுக்க வேண்டியவர்களே கட்டணத்தையும் நிர்ணயிப்பதில் நலன் முரண் இருக்கிறது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரணை நடத்தியது. 2009இல் ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவாக ஃபேர் ஹெல்த் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு உருவாயிற்று. அதன் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டையும் சிகிச்சையையும் இட்டு, உங்கள் வட்டாரத்தில் என்ன கட்டணம் வாங்குகிறார்கள் என்பதை இலவசமாகப் பார்க்கலாம்.

நெட்வொர்க்கில் தகுந்தவர் யாருமே கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. பட்டியலில் உள்ளவர்களைத் தொடர்புகொண்டு, யார் யார் புதியவர்களை ஏற்கவில்லை, யார் பதிலே தரவில்லை என்று தேதியோடு குறித்து வையுங்கள். பிறகு, நெட்வொர்க்கில் பற்றாக்குறை இருப்பதால் இந்தத் தெரபிஸ்டுக்கு நெட்வொர்க்குக்குள் உள்ள விகிதத்திலேயே பணம் தர வேண்டும் என்று விதிவிலக்கு கோரலாம். நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தால் மேலே போட்ட கணக்கே தலைகீழாக மாறும். சிகிச்சையைத் தொடங்கும் முன்பே இதைக் கேட்பது நல்லது.

தெரபிஸ்டிடம் கேட்க வேண்டியது ‘சூப்பர்பில்’ தருவாரா என்பது. இது சாதாரண ரசீதல்ல. அவருடைய உரிம விவரம், என்.பி.ஐ. எனப்படும் பத்து இலக்க எண், வரி எண், அமர்வு நடந்த தேதி, இடக் குறியீடு, சேவைக் குறியீடு, நோயறி குறியீடு, கட்டணம், நீங்கள் செலுத்திய தொகை ஆகிய அத்தனையும் அதில் இருக்க வேண்டும். முதல் மதிப்பீட்டுக்கு 90791, சுமார் 45 நிமிட அமர்வுக்கு 90834, 53 நிமிடமோ அதற்கு மேலோ நீடிப்பதற்கு 90837 என்பவை சேவைக் குறியீடுகள். நோயறி குறியீடு இல்லாத பில்லுக்குப் பணம் வராது. தம்பதியர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: கணவன் மனைவிக்கு இடையிலான உறவுச் சிக்கல் என்பதை மட்டும் காரணமாகக் காட்டினால் பல திட்டங்கள் பணம் தருவதில்லை. இல்லாத நோயை எழுதித் தரும்படி கேட்பதும், சலுகைக் கட்டணம் கொடுத்துவிட்டு முழுக் கட்டணத்துக்கு பில் வாங்குவதும் மோசடி; அதில் தெரபிஸ்டின் உரிமமும் சிக்கும்.

சென்னையில் இருக்கும் ஆலோசகரிடம் காணொளியில் பேசுவது பலருக்கு மனதுக்கு நெருக்கமாகவும் செலவு குறைவாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் இருக்கும் மாநிலத்தில் பணியாற்ற அவருக்கு உரிமம் இருக்காது, என்.பி.ஐ. எண்ணும் இருக்காது. அந்த ரசீதை இன்சூரன்ஸிடமிருந்து பணமாக்க எண்ண வேண்டாம்.

க்ளெய்மை நிறுவனத்தின் இணையதளம் வழியாக அனுப்பலாம். மாதம் ஒருமுறை என்று ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கெடு சில திட்டங்களில் 90 நாள்தான். படிவத்தில் பணம் உங்களுக்கு வர வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், காசோலை தெரபிஸ்டுக்குப் போய்ச் சேரும் விபரீதம் நிகழ்வதுண்டு. டிடக்டபிள் நிரம்பாத மாதங்களிலும் அனுப்பத்தான் வேண்டும். அனுப்பாத அமர்வு கணக்கில் ஏறாது. சில வாரங்களில் இ.ஓ.பி. என்ற விளக்க அறிக்கை வரும். அதில் அங்கீகரித்த தொகை, டிடக்டபிளில் ஏறியது, உங்களுக்குத் தருவது ஆகிய மூன்று எண்களைத் தொலைபேசியில் சொன்னவற்றோடு ஒப்பிடுங்கள்.

மறுப்பு வந்தால் பெரும்பாலும் குறியீட்டுப் பிழையோ விடுபட்ட எண்ணோதான் காரணம். திருத்திய சூப்பர்பில்லை மறுபடி அனுப்பினால் போதும். அதற்கு மேற்பட்ட மறுப்பு என்றால், அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2008ஆம் ஆண்டின் மனநலச் சமத்துவச் சட்டத்தின்படி, அச்சட்டத்துக்கு உட்பட்ட திட்டம் உடல்நோய்க்கு நெட்வொர்க்குக்கு வெளியே பணம் தந்து, மனநலப் பயனும் அளிக்குமானால், மனநல சிகிச்சைக்கும் வெளியே தர வேண்டும். கட்டுப்பாடுகளும் கூடுதலாக இருக்கக் கூடாது. மேல்முறையீட்டுக் கடிதத்தில் இச்சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடத் தயங்க வேண்டாம்.

உங்கள் பங்காக நிற்கும் தொகையை மருத்துவச் செலவுக்கென்று பணம் சேர்த்து வைக்கும் எச்.எஸ்.ஏ. அல்லது எஃப்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து வரி இல்லாத பணத்தில் கட்டலாம். இன்சூரன்ஸ் திருப்பித் தந்த பகுதிக்கு மீண்டும் அதில் எடுக்கக் கூடாது.

இறுதியாக, வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிக்கல். விளக்க அறிக்கை பெரும்பாலும் பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். கணவரின் அல்லது மனைவியின் பாலிசியிலோ, 26 வயது வரை பெற்றோரின் பாலிசியிலோ இருப்பவர், தாம் சிகிச்சைக்குச் செல்வதை இன்னும் வீட்டில் சொல்லாதிருந்தால், ஓர் உறை அதைச் சொல்லிவிடும். மருத்துவத் தகவல்களின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் கீழ், உங்களுக்கான தகவல்களை வேறு முகவரிக்கு அனுப்பும்படி இன்சூரன்ஸிடம் எழுத்தில் கோரலாம். முதல் க்ளெய்மை அனுப்பும் முன், அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.