அப்பாவின் வீட்டுக் கடன்: ஸ்டேட்மென்ட்டில் இருந்த ஒரு வரி

அப்பா இறந்த பிறகும் வங்கி மாதத் தவணையைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடனுக்குக் காப்பீடு உண்டா என்றால் ‘சிஸ்டத்தில் காட்டவில்லை’ என்பார்கள். பீரோவிலும் பாலிசி இல்லை.

கடைசியில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை முதல் நாளிலிருந்து கேட்டு வாங்கினேன். கடன் கொடுத்த அன்றே ஒரு சின்னத் தொகை தனியாகப் பற்று. பக்கத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு. பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்திருக்கிறார்கள்! அந்த வரியைக் காட்டியதும் பாலிசி எண் வந்தது, காப்பீட்டுப் பணத்தில் மீதிக் கடனும் அடைந்தது. அப்பாடா.

வாரிசுச் சான்றிதழ் கொடுத்தும் அசல் பத்திரம் தர இழுத்தடித்தார்கள். கடன் அடைந்து 30 நாளைத் தாண்டினால் வங்கி நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன், வந்துவிட்டது. வில்லங்கச் சான்றில் அடமானம் இன்னும் நின்றது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்தது என்ற ரசீது ஆவணத்தை வங்கியைப் பதிய வைத்ததும் அதுவும் தீர்ந்தது.