கருவிழி மாற்றிய கண்ணைப் பார்த்துக்கொள்வது எப்படி

அப்பாவுக்குக் கருவிழி மாற்றிய பிறகு, கழுவாஞ்சிக்குடி வீட்டில் நான் செய்துவரும் முறை இது. காலையில் முகம் கழுவியதும் நல்ல கண்ணைப் பொத்தி, சுவர்க் கலண்டரில் திகதியை வாசிக்கச் சொல்வேன். நேற்றுத் தெரிந்த இலக்கம் இன்று மங்கினாலோ, கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, வலித்தாலோ, உடம்பு புதுக் கருவிழியை ஏற்க மறுக்கத் தொடங்கியிருக்கலாம். அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டாம். அன்றைக்கே கண் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். நேரத்தோடு போனால் பல வேளை மருந்தாலேயே காப்பாற்றலாம். இந்த மறுப்பு வருசக்கணக்கு கழிந்தும் வரலாம்.

உடம்பு புதுக் கருவிழியை மறுக்காமலிருக்க விடும் ஸ்டீரொய்ட் துளியை, கண் நல்லாயிருக்கு என்று நாமாக நிறுத்தவே கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, போத்தல் நுனி இமைமயிரில் படாமல் ஒரு துளி. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் விடுங்கள். இதே துளி கண் அழுத்தத்தையும் கூட்டக்கூடும், வலி காட்டாமலே. கிளினிக்கில் அழுத்தம் பார்த்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மண் விழுந்ததுபோல் உறுத்தினால் தையல் தளர்ந்திருக்கலாம். அதுவழியே கிருமி தொற்றும். கசக்க விடாதீர்கள், உடனே காட்டுங்கள். வெள்ளாமை வெட்டு நேரம் அப்பாவை வயலுக்கு விடுவதேயில்லை, எவ்வளவு கோபித்தாலும். வாவியில் முழுகுவதும் டொக்டர் சொன்ன பிறகுதான்.