மில்லியாம்பியர் காட்டாத மல்டிமீட்டர்

போன வாரம் எங்கள் அடுக்குமாடி வீட்டில், மகனின் சைக்கிள் விளக்கு எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று மல்டிமீட்டரால் (வோல்ட், மின்னோட்டம், மின்தடை அளக்கும் கருவி) அளந்தேன். மீட்டர் 0.00 காட்டியது, விளக்கும் எரியவில்லை. வோல்ட், ஓம் (மின்தடை) இரண்டையும் சரியாகவே அளந்தது.

விளக்கு எரியாததுதான் துப்பு. மின்னோட்டம் அளக்கும்போது மீட்டர் சுற்றில் தொடராக நிற்கிறது; உள்ளே பாதை அறுந்தால் விளக்குக்கும் மின்சாரம் போகாது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: முந்தின நாள் சிவப்பு வயரை மில்லியாம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு 12 வோல்ட் பேட்டரியை அளந்திருந்தேன். அந்தத் துளைக்குப் பின்னால் மின்தடை மிகக் குறைவு, கிட்டத்தட்ட நேரடி ஷார்ட். அதில் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருக்க வேண்டும்.

வயர்களைப் பிடுங்கிய பிறகே பின்மூடியைக் கழற்றினேன். இதைத் தயவுசெய்து யாரும் மறக்காதீர்கள். உள்ளே இரண்டு பீங்கான் ஃபியூஸ். பீங்கான் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றி ஓமில் வைத்தேன்: 10 ஆம்பியர் ஃபியூஸ் நல்லது, சிறியது போய்விட்டது.

சிங்கப்பூரில் மின்னணு பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் அதே அளவு, அதே ஆம்பியர், அதே வோல்ட் பார்த்து வாங்கினேன். கண்ணாடி ஃபியூஸ் மலிவுதான், ஆனால் வேண்டவே வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் தவறு நடந்தால் அது கையருகே வெடிக்கலாம். மணல் நிரப்பிய பீங்கான் தீப்பொறியை உள்ளேயே அணைக்கும். போன ஃபியூஸின் மேல் அலுமினியத் தாள் சுற்றிச் சமாளிப்பதை நினைக்கவே கூடாது.

மாட்டியதும் விளக்கு எரிந்தது, மீட்டர் 85 மில்லியாம்பியர் காட்டியது. அளந்து முடித்தவுடன் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றினேன்.